மோதும் கணத்தைக் கணக்கில் பிடிப்பது எப்படி: கேட்ச், கேரம், கபடி

மட்டையை நோக்கி வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் வந்த பந்து, அடி வாங்கி, வந்த வழியே 35 மீட்டர் வேகத்தில் திரும்பிப் போகிறது. வேகம் எவ்வளவு மாறியது? பத்து என்று எழுதுபவர்களே அதிகம். சரியான விடை அறுபது. பந்திடம் இருந்த 25 முழுதும் தீர்ந்து முதலில் அது நிற்க வேண்டும். பிறகுதான் எதிர்த்திசையில் 35 ஏறும். இந்த ஓர் இடத்தில் சறுக்கினால், அடுத்து வரும் விசை முழுவதும் ஆறு மடங்கு தப்பாகிவிடும்.

மகாராஷ்டிரா போர்டின் 11-ஆம் வகுப்பு இயற்பியலில் மொமென்டம், இம்பல்ஸ் என்று படிப்பதைத்தான் தமிழில் உந்தம், கணத்தாக்கு என்கிறோம். நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் உந்தம். மோதலில் அந்த உந்தம் எவ்வளவு மாறியதோ அதுவே கணத்தாக்கு. அதே கணத்தாக்கு, சராசரி விசையை மோதல் நீடித்த நேரத்தால் பெருக்கினாலும் வரும். சூத்திரம் இவ்வளவுதான். தாராவி சந்தில் ரப்பர் பந்து ஆடும் பையனுக்கும் ஆசாத் மைதானில் தோல் பந்து பிடிக்கும் கீப்பருக்கும் இது ஒன்றே. எந்த மோதலில் எதைக் கணக்கில் சேர்ப்பது, எதை விடுவது என்று தெரிவதுதான் கடினம்.

எழுதத் தொடங்கும் முன்

தாளில் ஓர் அம்புக்குறி போடுங்கள். பந்து திரும்பிப் போகும் பக்கம் கூட்டல், வரும் பக்கம் கழித்தல் என்று அதன் மேலேயே எழுதிவிடுங்கள். மேலே சொன்ன பந்துக்கு முன் திசைவேகம் −25, பின் திசைவேகம் +35. பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் 60. அம்பு இல்லாமல் மனக்கணக்காகப் போடும்போதுதான் கழித்தல் குறி காணாமல் போகிறது.

நிறையைக் கிலோகிராமில் எழுதுங்கள். விதிப்படி ஆண்கள் ஆடும் கிரிக்கெட் பந்து 155.9 முதல் 163 கிராம், 0.16 கிலோ என்று வைத்துக்கொண்டால் போதும். டென்னிஸ் பந்து 56 முதல் 59.4 கிராம். கேரத்தில் ஸ்ட்ரைக்கர் அதிகபட்சம் 15 கிராம், காயின் 5-லிருந்து 5.5 கிராம். கடையில் வாங்கும் செட் எல்லாம் இந்த அளவில் இருக்கும் என்று நம்ப வேண்டாம், எடை போட்டுப் பாருங்கள். சமையலறை டிஜிட்டல் தராசு ஒரு கிராம் துல்லியத்தில்தான் காட்டும். ஒற்றைக் காயினை வைத்தால் 5 என்றும் 6 என்றும் தாவும். ஒன்பது வெள்ளைக் காயினையும் சேர்த்து வைத்து, வரும் எண்ணை ஒன்பதால் வகுத்தால் பிழை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

உந்தத்தின் அலகை ‘கிலோ மீட்டர்’ என்று சேர்த்து எழுதினால் தூரத்தோடு குழம்பும். நியூட்டன்-வினாடி என்றே எழுதுங்கள். உந்தத்துக்கும் கணத்தாக்குக்கும் அது பொது. மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வேகம் தெரிந்தால் 3.6-ஆல் வகுத்த பிறகே பெருக்கத் தொடங்க வேண்டும்.

வேகத்தை ஃபோனில் அளக்க

ஸ்லோ மோஷனில் வினாடிக்கு 240 பிரேம் எடுக்கும் ஃபோன் போதும். ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே 4.17 மில்லிவினாடி. வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் போகும் பந்து அதற்குள் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும்.

ஃபோனைப் பந்து போகும் பாதைக்குச் செங்குத்தாக, பக்கவாட்டில், அசையாத ஏதாவதொன்றின் மேல் நிறுத்துங்கள். கையில் பிடித்து எடுத்த படம் இந்தக் கணக்குக்கு உதவாது. அளவுகோலாக ஒரு ஸ்டம்பை நடுங்கள். தரைக்கு மேல் அதன் உயரம் 71.1 சென்டிமீட்டர். பந்து போகும் அதே கோட்டில் அது நிற்க வேண்டும். ஃபோனிலிருந்து பந்தின் கோடு 5 மீட்டர் தள்ளி இருக்க, ஸ்டம்பை அரை மீட்டர் முன்னால் நட்டுவிட்டால், கிடைக்கும் வேகம் உண்மையைவிடப் பத்து சதவீதம் குறைவாக வரும். அந்தக் கோட்டுக்குப் பின்னால் நட்டால் கூடுதலாக வரும். ஃபோன் அளவு தப்பாக வந்தது என்று சொல்பவர்கள் பலர் ஸ்டம்பை எங்கே நட்டோம் என்று பார்ப்பதில்லை.

பிறகு வீடியோவைப் பிரேம் பிரேமாக நகர்த்தி எண்ணுங்கள். திரையில் ஓடும் வினாடியை நம்பக் கூடாது. அது மெதுவாக்கிய நேரம். ஐந்து பிரேம் மட்டும் எண்ணினால் ஒரு பிரேம் பிசகினாலே 20 சதவீதம் பிழை. பத்து எண்ணினால் 10. வெயிலில் எடுங்கள். மாலை மங்கிய பிறகு பந்து ஒரு நீண்ட கோடாகத் தேய்ந்து தெரியும், அதன் நடு எது என்று பிடிக்க முடியாது.

இந்த முறையில் மோதலுக்கு முன்னும் பின்னும் உள்ள வேகம் கிடைக்கும். மோதல் நீடித்த நேரம் கிடைக்காது. தோல் பந்து மட்டையைத் தொட்டுக்கொண்டிருப்பது சுமார் ஒரு மில்லிவினாடிதான். இரண்டு பிரேமுக்கு இடையில் எல்லாம் முடிந்துவிடும். ‘ஒரு பிரேமில் மட்டையைத் தொட்டது, அடுத்ததில் தொடவில்லை, ஆகவே நேரம் 4 மில்லிவினாடி’ என்று எழுதினால் விசை நாலில் ஒரு பங்காகக் குறைந்து வரும்.

மட்டையில் பட்ட அடி

0.16 கிலோவை 60-ஆல் பெருக்கினால் 9.6 நியூட்டன்-வினாடி. ஒரு மில்லிவினாடிக்கு இதை வகுத்தால் சராசரி விசை 9,600 நியூட்டன், அதாவது ஏறக்குறைய ஒரு டன் எடை. உச்ச விசை இன்னும் அதிகம். விசை மெல்ல ஏறி மெல்ல இறங்குவதாகக் கொண்டால் சராசரியைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல், சுமார் 15,000 நியூட்டன்.

இந்த ஒரு மில்லிவினாடிக்குள் பேட்ஸ்மேனின் கை எதையும் செய்ய முடியாது. அடி கைக்குத் தெரிவதற்குள் பந்து போய்விட்டது. ஆகவே அடிக்கும் தருணத்தில் பிடியை இறுக்கினால் பந்து வேகமாகப் போகும் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம். தொடும் கணத்தில் மட்டை எவ்வளவு வேகமாக வந்துகொண்டிருந்தது, மட்டையின் எந்த இடத்தில் பட்டது என்ற இரண்டும்தான் பேட்ஸ்மேன் பக்கத்திலிருந்து பந்தின் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. ‘சாஃப்ட் ஹேண்ட்ஸ்’ என்று கோச்சுகள் சொல்லும் தடுப்பாட்டமும் இப்படித்தான். பந்து பட்ட பிறகு கையைத் தளர்த்திப் பயனில்லை. படும்போதே மட்டை லேசாகப் பின்வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். அப்போது பந்தும் மட்டையும் ஒன்றையொன்று நெருங்கும் வேகம் குறையும், கணத்தாக்கும் குறையும், பந்து ஸ்லிப் வரை போகாமல் காலடியிலேயே விழும்.

மட்டையின் நிறை 1.2 கிலோ, ஆகவே மட்டை 9.6-ஐ 1.2-ஆல் வகுத்த 8 மீட்டர் வேகத்தை இழந்தது என்று எழுதுவது பாதி உண்மை. பந்து பட்ட இடம் மட்டையின் நிறை மையமாக இருந்தால்தான் அது சரி. மட்டையின் கீழ்ப்பகுதியில் பட்டால் மட்டை பின்வாங்குவதோடு சுழலவும் செய்யும். ஓரத்தில் பட்டால் கைக்குள்ளேயே திருகும். தேர்வுத்தாளில் 8 போதும்; மைதானத்தில் அதை வைத்து மட்டையை எடை போட வேண்டாம்.

கேட்ச்

மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் தோல் பந்து வருகிறது. உந்தம் 3.2 நியூட்டன்-வினாடி. யார் பிடித்தாலும், எப்படிப் பிடித்தாலும் இந்த 3.2 முழுவதும் தீர வேண்டும். அதைக் குறைக்க யாராலும் முடியாது. நேரத்தை நீட்டத்தான் முடியும்.

நேரத்தை அளப்பதைவிடத் தூரத்தை அளப்பது எளிது. சீராக வேகம் குறைந்தால், நிற்க ஆகும் நேரம் = இரண்டு மடங்கு தூரம் ÷ வந்த வேகம். விறைப்பாக நீட்டிய கையில் பந்து 4 சென்டிமீட்டருக்குள் நின்றால் நேரம் 4 மில்லிவினாடி. சராசரி விசை 800 நியூட்டன், 80 கிலோ ஆள் உள்ளங்கையில் ஏறி நின்ற மாதிரி. அதே பந்தைக் கையோடு 32 சென்டிமீட்டர் இழுத்து நிறுத்தினால் 32 மில்லிவினாடி, 100 நியூட்டன். பத்து கிலோ அரிசிப் பையின் பாரம். தூரம் எட்டு மடங்கு, வலி எட்டில் ஒன்று.

இதை எல்லாரும் ‘பந்து பட்டதும் கையை இழு’ என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தச் சொல்லில்தான் பிசகு. தொடுவதை உணர்ந்து கையை அசைக்க மனிதனுக்குச் சுமார் 150 முதல் 200 மில்லிவினாடி ஆகும். மேலே சொன்ன மோதல் 32 மில்லிவினாடியில் முடிந்துவிட்டது. பட்ட பிறகு இழுப்பதாக நினைப்பவன் உண்மையில் விறைத்த கையில்தான் பிடிக்கிறான். பந்து துள்ளி விழுந்த பிறகு அவன் கை பின்னால் போகும். ஃபோனில் எடுத்துப் பார்த்தால் இது அப்பட்டமாகத் தெரியும். சரியாகப் பிடிப்பவர்களின் முழங்கை பந்து வருமுன்னரே மடங்கித் தளர்ந்திருக்கும், பந்து தொடும் பிரேமிலேயே கை பின்னோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். சிறுவர்களுக்கு ‘பந்து வரும்போதே வயிற்றுப் பக்கம் வாங்கு’ என்று சொன்னால் சீக்கிரம் பிடிபடும்.

பயிற்சிக்குத் தோல் பந்து வேண்டாம். ஒரு பலூனில் பாதியளவு தண்ணீர் நிரப்பி, நாலு மீட்டர் தள்ளி நின்று எறிந்து பிடிக்கச் சொல்லுங்கள். விறைத்த கை என்றால் உடைந்துவிடும். பத்து பலூனில் எட்டு உடையாமல் வந்தபின் டென்னிஸ் பந்து, அதன்பின் தோல் பந்து.

ஹெல்மெட்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. உள்ளே இருக்கும் நுரைப்பட்டை நசுங்கும் தூரம்தான் தலைக்குக் கிடைக்கும் நேரம். பலமான அடி வாங்கிய ஹெல்மெட்டில் அந்தப் பட்டை ஒருமுறை நசுங்கிவிட்டது என்றால் அடுத்த அடிக்கு நசுங்க இடமில்லை. வெளியே விரிசல் இல்லை என்று அதையே மாட்டிவிடாதீர்கள், மாற்றுங்கள். வாங்கும்போது பி.எஸ். 7928:2013 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேரம்: மோதல் படிக்க இதைவிட நல்ல பலகை இல்லை

கேரத்தில் மோதல் தட்டையாக நடக்கிறது, உராய்வு மிகக் குறைவு, நிறை தெரியும், அளவு தெரியும். கபடியிலோ கிரிக்கெட்டிலோ கிடைக்காத சுத்தம் இங்கே கிடைக்கும்.

15 கிராம் ஸ்ட்ரைக்கர் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போய், நிற்கும் 5 கிராம் காயினை நேராக அடிக்கிறது. மோதிய பிறகு இரண்டும் பிரியும் வேகம், முன்பு நெருங்கிய வேகத்தில் எத்தனை பங்கு என்பதை எகிறல் விகிதம் என்று வைத்துக்கொள்வோம். அது முழுசாக ஒன்று என்றால் காயின் 4.5 மீட்டரிலும் ஸ்ட்ரைக்கர் 1.5 மீட்டரிலும் போகும். விகிதம் 0.8 என்றால் காயின் 4.05, ஸ்ட்ரைக்கர் 1.65. சரிபார்க்க: 15-ஐ 1.65-ஆல் பெருக்கி, 5-ஐ 4.05-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 45 வரும். மோதலுக்கு முன் 15 × 3, அதுவும் 45.

இரண்டு கணக்கிலும் ஸ்ட்ரைக்கர் நிற்கவில்லை, காயினின் பின்னாலேயே போகிறது. நேர்க்குத்தாகக் குழியில் போடும்போது ஸ்ட்ரைக்கரும் கூடவே விழுந்து காயினைத் திருப்பி வைக்க வேண்டி வருவது இதனால்தான். ஸ்ட்ரைக்கர் காயினைவிட மூன்று மடங்கு கனம். நேரடியாக மோதி அதை நிறுத்தவே முடியாது. வேகத்தைக் குறைத்து, ஸ்ட்ரைக்கர் குழிக்கு எட்டாதபடி அடிப்பது ஒரு வழி. லேசாகக் கட் வைத்து, அதாவது காயினை நேராக அல்லாமல் பக்கவாட்டில் தொட்டு, அடிப்பது இன்னொரு வழி. காயின் காயினை அடித்தால் நிலைமை வேறு. இரண்டும் ஒரே நிறை என்பதால் அடித்தது ஏறக்குறைய நின்றுவிடும், அடிபட்டது அதன் வேகத்தை வாங்கிக்கொண்டு போகும். வரிசையாகத் தொட்டு நிற்கும் காயின்களில் கடைசிக் காயின் மட்டும் துள்ளிப் போவதும் இந்தக் கணக்குதான்.

கட் அடிக்கும் முறை இது. குழியின் நடுவிலிருந்து காயினின் நடுவுக்கு மனதில் ஒரு கோடு போடுங்கள். அதே கோட்டைக் காயினுக்குப் பின்னால் நீட்டி, காயின் நடுவிலிருந்து 3.6 சென்டிமீட்டரில் ஒரு புள்ளி வையுங்கள். ஸ்ட்ரைக்கர் ஆரம் 2.06, காயின் ஆரம் 1.55, இரண்டையும் கூட்டியதே 3.6. தொடும் நேரத்தில் ஸ்ட்ரைக்கரின் நடு அந்தப் புள்ளியில் இருக்க வேண்டும். ஏனென்றால் மோதலில் விசை இரண்டு மையங்களையும் சேர்க்கும் கோட்டிலேயே செல்லும், காயினும் அந்தக் கோட்டிலேயே கிளம்பும். காயினின் விளிம்பைப் பார்த்துக் குறி வைப்பவர்களுக்குக் கட் தடிமனாகவே விழும். விளிம்பைப் பார்க்காமல் அந்த வெற்றுப் புள்ளியைப் பாருங்கள். பழக, பென்சிலால் ஒரு காகிதத்தில் புள்ளி வைத்து, அதன் மேல் ஸ்ட்ரைக்கரை வைத்துக் காயினைத் தொடவிட்டுப் பாருங்கள், பத்து நிமிடத்தில் கண் பழகிவிடும்.

கட் அதிகமானால் வேகமும் அதிகம் வேண்டும். 45 டிகிரி கட்டில் காயினுக்கு நேர்க்குத்தின் 71 சதவீத வேகமே கிடைக்கும், 60 டிகிரியில் பாதி. குழிக்கு நாலு விரல் முன்னால் காயின் நின்றுபோனால் குறி தப்பவில்லை, கணத்தாக்கு போதவில்லை என்று அர்த்தம்.

ஸ்ட்ரைக்கர் பிறகு எங்கே போகும் என்பதிலும் ஒரு வரம்பு உண்டு. தன்னைவிட மூன்றில் ஒரு பங்கு நிறையுள்ள தனிக் காயினை மோதிய ஸ்ட்ரைக்கர், எப்படிக் கட் அடித்தாலும் தன் வழியிலிருந்து 19.5 டிகிரிக்கு மேல் திரும்பாது. விளிம்புக் கட்டையில் பட்டாலோ இரண்டாவது காயினில் பட்டாலோதான் அதற்கு மேல் திரும்பும். எதிர்க்குழி அந்தச் சிறிய கோணத்துக்குள் வருகிறதா என்று அடிப்பதற்கு முன்னால் ஒரு முறை பார்த்துக்கொண்டால் பாதி ஃபைன் மிச்சம்.

மும்பை மழைக்காலத்தில் போரிக் பவுடர் ஈரம் உறிஞ்சித் திட்டுத் திட்டாகக் கட்டிக்கொள்ளும். அதனால் மோதலின் கணக்கு மாறாது. மோதும் இடத்துக்குப் போய்ச் சேரும் வேகம்தான் குறையும். பழைய பவுடரை முழுதும் துடைத்துவிட்டு மெல்லிசாகப் புதிதாகத் தூவுங்கள்.

கபடியில் இந்தக் கணக்கு எங்கே உடைகிறது

ஊரில் சடுகுடு, இங்கே மும்பையில் பரேல் பக்கத்துக் குழுக்களில் மேட் கபடி. 70 கிலோ ரைடர் நடுக்கோட்டை நோக்கி 4 மீட்டர் வேகத்தில் ஓடுகிறார், உந்தம் +280. 80 கிலோ டிஃபெண்டர் எதிரே 2 மீட்டர் வேகத்தில் வந்து மோதி டேஷ் கொடுக்கிறார், −160. கட்டிப்பிடித்து ஒன்றானால் மிச்சம் 120, அதை 150 கிலோவுக்கு வகுத்தால் வினாடிக்கு 0.8 மீட்டர், நடுக்கோட்டை நோக்கி. கோடு கை எட்டும் தூரத்தில் இருந்தால் ரைடர் தப்பிவிட்டார். 75 கிலோ இன்னொருவரும் அதே 2 மீட்டரில் சங்கிலியாகச் சேர்ந்தால் எதிர்ப்பக்கம் −310. மூவரும் சேர்ந்து 0.13 மீட்டர் பின்னோக்கி நகர்வார்கள். ரைடர் நின்றார். தனியாகப் பாய்வதைவிடச் சங்கிலி ஏன் பலிக்கிறது என்பதற்கு இந்த ஒரு கழித்தல் போதும்.

ஆனால் இங்கே ஒரு கூடுதல் சரக்கு உண்டு. உந்தம் மாறாது என்ற விதி, வெளியிலிருந்து வரும் கணத்தாக்கு அற்பமாக இருந்தால்தான் செல்லும். கேரத்தில் மோதல் ஒரு மில்லிவினாடிக்கும் குறைவு. பலகையின் உராய்வுக்கு அதற்குள் வேலையில்லை. கபடிப் பிடி அப்படியல்ல, 0.2 வினாடி நீடிக்கலாம். டிஃபெண்டரின் கால் மேட் மேல் ஊன்றி, உராய்வுக் கெழு 0.8 என்று வைத்தால், 80 கிலோவுக்கு 627 நியூட்டன், 0.2 வினாடியில் 125 நியூட்டன்-வினாடி. மிச்சமிருந்த 120-ஐ அந்த ஒற்றைக் கால் ஊன்றலே தின்றுவிடும். அதே ஆள் காலை எடுத்துக் காற்றில் பாய்ந்தால் அந்த 125 கிடையாது, ரைடரோடு சேர்ந்து அவரும் இழுபடுவார். ஈர மண் தரையில் கெழு குறைந்தால் ஊன்றிய காலும் வழுக்கும். கபடிக் கணக்கில் விடை மைதானத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால், காலை விட்டுவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள்.

ஆற்றலையும் ஒரு வரி பார்த்துவிடலாம். மோதலுக்கு முன் இயக்க ஆற்றல் 560-உம் 160-உம் சேர்ந்து 720 ஜூல், பிறகு 48. போன 672 ஜூல் தோள், விலா, மேட் இவற்றில்தான் இறங்கியது. தலையைக் குனிந்து முட்டுவதைப் பயிற்சியாளர்கள் அனுமதிக்கக் கூடாது என்பதற்கு இந்த எண் போதும்.

எகிறல் விகிதத்தை வீட்டிலேயே எடுக்க

சுவரில் அளவு நாடாவை ஒட்டி, பந்தின் அடிப்பகுதி 100 சென்டிமீட்டரில் இருக்கும்படி பிடித்து, எறியாமல் விரலை மட்டும் விரியுங்கள். திரும்பி எழும் உச்சியிலும் அடிப்பகுதியையே படியுங்கள். ஏறும்போது ஒரு தடவை மேற்பகுதியைப் படித்தால் ஆறேழு சென்டிமீட்டர் கூடிவிடும். ஃபோன், எழும் உயரத்துக்கு நேர்மட்டத்தில் இருக்கட்டும். பத்து தடவை எடுத்துச் சராசரி போடுங்கள். எழுந்த உயரத்தை விழுந்த உயரத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் விகிதம் கிடைக்கும். 55 சென்டிமீட்டர் எழுந்தால் 0.74. டென்னிஸ் பந்து விதியில் 254 சென்டிமீட்டரிலிருந்து விழுந்து 135 முதல் 147 வரை எழ வேண்டும். அதிலிருந்து வருவது 0.73 முதல் 0.76. உங்கள் பந்து 0.65-க்குக் கீழே காட்டினால் உள்ளே காற்றழுத்தம் போய்விட்டது. பழைய பந்தில் கேட்ச் பழகலாம், மோதல் அளவு எடுக்கக் கூடாது.

மழைக்காலத்தில், மும்பையில் 1948 முதல் நடக்கும் கங்கா லீக் கிரிக்கெட் ஆட்டங்களைப் போல நனைந்த மைதானத்தில் ஆடினால், தோல் பந்து தண்ணீர் குடித்துக் கனமாகும். 0.16 என்று போடாமல், ஓவர் இடைவேளையில் துடைத்துவிட்டு எடை போட்ட எண்ணைப் போடுங்கள்.

எந்த அளவெடுப்பிலும் மோதலுக்குப் பின் உள்ள மொத்த உந்தம், முன் இருந்ததைவிடப் பத்து சதவீதம் வரை குறைந்தால் ஏற்றுக்கொள்ளலாம்; ஃபோனும் உராய்வும் அவ்வளவு தின்னும். அதே அளவுக்குக் கூடினால் விதி உடையவில்லை. ஸ்டம்பு தவறான கோட்டில் நிற்கிறது, அல்லது ஒரு கழித்தல் குறி விடுபட்டிருக்கிறது.